வகுப்பறைக்குப் பின் வரும் வனாந்தரம்



சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தாவில் எங்கள் தமிழ் ஆராதனை முடிந்து சபையார் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்துப்போனார். ஆம்பூரிலிருந்து வந்தவர், பாந்தலா தோல் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளாக மேற்பார்வையாளராக உழைக்கிறவர். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்த அவருடைய மூத்த மகளுக்கு இந்நகரத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்திருப்பதாக வந்த கடிதம் அது. ஸ்தோத்திரம் சொல்லவேண்டிய செய்திதான். ஆனால் அவர் முகத்தில் ஸ்தோத்திரம் இல்லை.

"பாஸ்டர், இதிலே எம்.எஸ்ஸி.யும் இருக்கிறதாம், பிஎச்.டி.யும் இருக்கிறதாம். எல்லாம் சேர்ந்து ஆறேழு வருஷமாகும் என்கிறாள். அதற்குள் இவளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிடும். கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பி.எட். படி, டீச்சர் வேலை பார் என்று சொன்னால் அழுகிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்."

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்! அன்பானவர்களே, அந்த வாக்கியம் என்னை நடுங்கச் செய்தது. ஏனென்றால் இதே காரியத்தில் நான் ஏற்கனவே ஒருவருக்கு ஒரு வார்த்தை சொன்னவன்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, தென்மாவட்டத்திலிருந்து ஒரு வாலிபன் இந்த நகரத்துக்குப் படிக்க வந்தான். அவனும் இப்படிப்பட்ட ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தவன். முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் முதலிடம். ஞாயிறுதோறும் தவறாமல் வந்து கீபோர்டு வாசிப்பான். மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கூடத்துக்குள் போனான். அதன்பின் வாசிப்பு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒன்பது மாதங்கள் ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தும் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் இரவு என் வீட்டுக்கு வந்து, "இது எனக்கு வராது போலிருக்கிறது, பாஸ்டர்" என்று சொல்லி அழுதான். நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தலையில் கைவைத்து ஜெபித்தேன். கர்த்தர் இந்த வாசலை அடைக்கிறார் போலும், வேறு வாசலைத் திறப்பார் என்று ஆவிக்குரியவனைப்போலச் சொன்னேன். அவன் எம்.எஸ்ஸி. பட்டத்தோடு ஊர் திரும்பினான். இப்போது ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறான். நல்ல விசுவாசி, நல்ல குடும்பம். சில ஆண்டுகளுக்கு முன்பு தொலைபேசியில் பேசுகையில், கசப்பு ஏதுமின்றி அவன் சொன்னான்: தனக்குப்பின் அதே கருவியில் வேலை செய்த மாணவர் மூன்றே மாதத்தில் கோளாற்றைக் கண்டுபிடித்துவிட்டாராம். "வாசல் அடைபட்டிருக்கவில்லை, பாஸ்டர். வெற்றிடக் குழாயிலே ஒரு கசிவு இருந்தது. அவ்வளவுதான்."

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆகையால் ஆம்பூர் தகப்பனாரிடம், "எனக்கு இரண்டு வாரம் தவணை கொடுங்கள். தெரிந்துகொண்டு பேசுகிறேன்" என்றேன். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தாரல்லவா (லூக்கா 14:28)? அந்த இரண்டு வாரத்தில் ஆராய்ச்சி மாணவர்களிடமும் பேராசிரியர்களிடமும் நான் கேட்டறிந்ததையும், பிற்பாடு வாசித்தறிந்ததையும் உங்களுக்கும் எழுதுகிறேன். நம்முடைய சபைகளில் இக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பெற்றோர் இன்னும் அநேகர் இருப்பார்கள் அல்லவா?

இது என்ன படிப்பு?

நம் தலைமுறையில் வழி வேறாயிருந்தது. பி.எஸ்ஸி., பிறகு எம்.எஸ்ஸி., அதன்பின் ஓராண்டோ இரண்டாண்டோ எம்.பில். பாதி வகுப்பு, பாதி ஆய்வேடு என்று அமைந்த அந்த எம்.பில். பட்டத்தை நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் அநேகர் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளோடு அந்தப் படிப்பு முடிவுக்கு வந்தது. இப்போதும் யாராவது "எம்.பில். சேர்க்கை" என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்பது, பி.எஸ்ஸி. முடித்த பிள்ளையை ஒரே சேர்க்கையில் முனைவர் பட்டம்வரை அழைத்துச் செல்லும் வழி. பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புகள்: இயற்பியலானால் இயந்திரவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகள், செய்முறை. பருவந்தோறும் தேர்வு உண்டு. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் மேலே போக முடியாது. அந்தக் கட்டத்தில் முதுநிலைப் பட்டம். பிறகு ஒரு வழிகாட்டியின்கீழ் ஆராய்ச்சி, ஆண்டுதோறும் ஒரு குழுவின் மதிப்பீடு, ஆய்வேடு, வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டம் வேண்டாமென்றால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேற அநேக இடங்களில் அனுமதி உண்டு. அது எந்த நிபந்தனையின்மேல் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டறிந்துகொள்வது நல்லது.

கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இதற்குப் பேர்பெற்ற இடங்கள் உண்டு. சால்ட் லேக்கில் சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம், ஜாதவ்பூரில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் (2018-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது), சியால்டாவிலிருந்து கல்யாணிப் பக்கமாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மோகன்பூரில் 2006-இல் தொடங்கப்பட்ட ஐசர் நிறுவனம். எந்த ஆண்டில் எந்தத் துறைக்குச் சேர்க்கை என்பது மாறக்கூடும். ஆகையால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்கவேண்டும். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டவர்களுக்குச் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் போன்றவற்றில் தனி வழி இருக்கிறது. அங்கும் முதலில் வகுப்புகள், பிறகே ஆராய்ச்சி.

பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு முக்கியமான வாசல் 'ஜாம்' என்னும் நுழைவுத்தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், புவியியல் அறிவியல், பொருளாதாரம் என்று ஏழு தாள்கள். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். பிப்ரவரியில் தேர்வு, விண்ணப்பமோ அதற்கு முந்தின செப்டம்பர், அக்டோபரிலேயே. நம் பிள்ளைகளில் பலர் இந்தத் தேர்வைப்பற்றிக் கேள்விப்படுவதே மூன்றாம் ஆண்டு இறுதியில்தான், அதாவது காலம் கடந்தபின்பு! கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் இந்தப் பத்தியை அவர்களிடம் காட்டுங்கள்.

பருவந்தோறும் பலன், பிறகு பலனில்லாப் பருவம்

அன்பான பெற்றோரே, வாலிபரே, அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றவற்றில் முக்கியமானது இதுவே. இந்தப் படிப்புக்கு ஒரே பெயர் இருந்தாலும், உள்ளே இரண்டு வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. வகுப்பறையில் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆசிரியருக்கு அது தெரியும். ஆறு மாதத்துக்கொருமுறை மதிப்பெண் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் விடை எவருக்கும் தெரியாது. வழிகாட்டிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அது ஆராய்ச்சியே அல்ல. மழலையர் பள்ளி முதல் இருபத்துமூன்று வயதுவரை எல்லாத் தேர்விலும் முதலிடம் வாங்கிய பிள்ளை, முதல்முறையாக ஓராண்டு முழுவதும் மதிப்பெண்ணே வராத இடத்துக்குள் நுழைகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளே இங்கே அதிகமாகத் தடுமாறுகிறார்கள் என்று ஒரு பேராசிரியர் எனக்குச் சொன்னார். தோல்வியில் அவர்களுக்குப் பழக்கமில்லையாம்.

இதை நான் முன்னமே அறிந்திருக்கவேண்டும். வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் எபிரெயமும் கிரேக்கமும் சபைச் சரித்திரமும் படித்துத் தேறிய நான், நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோது முதல் அத்தியாயம் நான்குமுறை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அழைப்பே எனக்கு இல்லையோ என்று சந்தேகித்தேன்! அதை நான் மறந்துபோனதினால் அந்த வாலிபனுக்கு நஷ்டம் வந்தது.

தானியேலும் அவன் தோழரும் பாபிலோனில் மூன்று ஆண்டு கல்தேயருடைய கல்வியைக் கற்றார்கள் (தானியேல் 1:4, 5). ராஜா சோதித்தபோது மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராக விளங்கினார்கள். அது வகுப்பறை. அதே தானியேல் முதிர்ந்த வயதில் மூன்று வாரம் உபவாசித்து ஜெபித்தும் பதில் காணாதிருந்தான் (10:2, 3). பதில் முதல் நாளிலேயே புறப்பட்டிருந்தது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. எலியாவின் வேலைக்காரன் கர்மேல் பர்வதத்திலிருந்து சமுத்திரத்தை ஆறுதரம் பார்த்து, ஒன்றுமில்லை என்று அறிவித்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள் (1 இராஜாக்கள் 18:43, 44). ஆறாந்தரத்தில் அவனைக் கூப்பிட்டு, "வாசல் அடைபட்டது, இறங்கி வா" என்று சொல்லும் ஊழியக்காரனாக நான் இருந்துவிட்டேன்.

பௌபஜார் தெருவில் ஐந்து ஆண்டுகள்

இந்த நகரத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. பௌபஜாரில் இன்று பிபின் பிகாரி கங்குலி தெரு எனப்படும் வீதியில் 210-ஆம் எண்ணுள்ள இடத்தில் இப்போது ஒரு வணிகவியல் கல்லூரி நிற்கிறது. இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் ஜாதவ்பூருக்குப் போகுமுன் அங்கேதான் இருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் அதை நிறுவினார். அதற்குத் தோள்கொடுத்தவர்களில் ஒருவர் புனித சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை லஃபோன், பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு. உபதேசத்தில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இருந்தாலும், இந்த நன்மையை மறைப்பது நியாயமல்ல.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இந்நகரத்துக்கு வந்தார். அவரும் பிழைப்புக்காகக் குடிபெயர்ந்து வந்த தமிழர்தான்! அலுவலகத்துக்குமுன் அதிகாலையிலும், அலுவலகத்துக்குப்பின் இரவிலும் அந்தக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் உயர்ந்த சம்பளமுள்ள அரசுப் பதவியை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இவ்வளவும் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்ததே.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணனைப்பற்றி. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். கிறிஸ்தவர் அல்லர், ஆனால் மிஷனெரிமார் கட்டின மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக வேலையும் பார்த்தார். 1920-இல் அதை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் முதுநிலை இயற்பியல் வகுப்புகளில் சேர்ந்தார். 1923-இல் ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகக் கழகத்துக்குள் நுழைந்தார். முதலில் வகுப்பு, பிறகு ஆராய்ச்சி: இன்று சால்ட் லேக்கிலும் மோகன்பூரிலும் நம் பிள்ளைகள் நடக்கும் அதே வழி.

அவர் நுழைந்த அந்த 1923-இலேயே ஒரு விநோதம் நடந்தது. பாலக்காட்டிலிருந்து வந்த கே. ஆர். ராமநாதன் என்பவர் நீரில் ஒளி சிதறுவதைச் சோதிக்கையில், இருக்கக்கூடாத ஒரு மங்கிய ஒளியைக் கண்டார். நீரில் அழுக்கு இருக்கிறது என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் சுத்திகரித்துப் பார்த்தார்கள். அது போகவில்லை. பிற்பாடு கிருஷ்ணனும் பல தூய திரவங்களில் அதையே கண்டார். 1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் அதைத் தெளிவான பச்சையாகவே பார்த்தார். அலிப்பூர் அரசுச் சோதனைக்கூடத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் வந்து ஆராய்ச்சி செய்தவர் இவர். அவ்வாண்டு பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் சூரிய ஒளியையும் நிற வடிகட்டிகளையும் தங்கள் கண்களையுமே கருவியாகக் கொண்டு ஏறக்குறைய அறுபது திரவங்களைச் சோதித்து, அது அழுக்கல்ல, ஒளியே திரவத்தில் பட்டு நிறம் மாறி வருகிறது என்று நிச்சயித்தார்கள். இருவர் பெயரோடும் அச்செய்தி 1928 மார்ச் 31-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1930-இல் நோபல் பரிசு வந்தது, ராமனுக்கு மட்டும். கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. யார் பெயர், எந்த வரிசையில் என்ற வழக்கு ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் ஓயவில்லை. நம் வாலிபர்கள் அதற்கும் ஆயத்தமாயிருக்கவேண்டும்.

கவனியுங்கள், பிரியமானவர்களே! ஐந்து ஆண்டுகளாகக் கண்ணுக்கு முன்னே இருந்ததை அழுக்கு என்று எண்ணினார்கள். என் வாலிபனுடைய ஒன்பது மாதத்தில் உண்மையாகவே குழாயில் கசிவு இருந்தது. இவர்களுடைய ஐந்து ஆண்டில் கோளாறு என்று நினைத்ததே கண்டுபிடிப்பாயிருந்தது. எது எது என்று வெளியே நிற்கிற பாஸ்டருக்கும் தெரியாது, தகப்பனாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கிறவருக்கே காலம் சென்றுதான் தெரிகிறது. ஆகையால் அந்நாட்களில் வீட்டிலிருந்து தொலைபேசியில், "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த வாரம் எதைச் செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் கேளுங்கள்.

பணமும் கலியாணமும்

பணத்தைப்பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். முதல் இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் உதவித்தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் சொந்தச் செலவுக்கே சரியாயிருக்கும். ஆராய்ச்சிக் கட்டத்தில் மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. ஆகவே அந்தப் பிள்ளை வேலையில்லாமல் இருக்கிறான் என்று உறவினரிடம் கூச்சப்படாதீர்கள். ஆனால் அத்தொகை சில வேளைகளில் மாதக்கணக்கில் தாமதமாக வரும். அதை நம்பி ஊரில் வீட்டுக்கடன் தவணையைத் தொடங்குவது புத்தியல்ல. குடும்பம் பிள்ளையின் சம்பளத்தை உடனே எதிர்பார்க்கும் நிலையிலிருந்தால் அதைச் சேருமுன்பே பேசிவிடுங்கள். நான்காம் ஆண்டில் பேசாதீர்கள்.

கலியாணத்தைக் குறித்து ஆம்பூர் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான்: ஆராய்ச்சியும் குடும்பமும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு மூன்று முதல் ஆறு ஆண்டு காலம் உண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பும், படிப்புக் காலத்தில் 240 நாள் வரை பேறுகால விடுப்பும் தரலாம். வரும் மருமகன் இதை அறிந்து சம்மதிக்கிறவராயிருக்கவேண்டும், அவ்வளவே. சம்மதியாத வரன் நல்ல வரனா என்று நான் அவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

விசுவாசம் குளிர்ந்துபோகாதா?

நம்முடைய பிரசங்க பீடங்களிலிருந்து சிலர் விஞ்ஞானத்தைச் சத்துருவைப்போலப் பேசுகிறதைக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லுகிற ஒலிபெருக்கியும் அதே விஞ்ஞானம் தந்ததுதான். கேம்பிரிட்ஜில் உலகப் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் பழைய கட்டடத்து வாசல் கதவில், கர்த்தருடைய கிரியைகள் ஆராயப்படத்தக்கவை என்று அறிவிக்கும் 111-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம் லத்தீன் மொழியில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் பேராசிரியர் மேக்ஸ்வெல் வேதத்தை நேசித்த விசுவாசி. இந்த வங்காளத்திலேயே செராம்பூரின் வில்லியம் கேரி வேதத்தை மொழிபெயர்த்த அதே கையால் செடிகளையும் வளர்த்தார். 1820-இல் வேளாண்மை தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஆய்வுக்கூடத்தில் விசுவாசத்துக்கு வரும் உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது என்று அறிந்தேன். ஒன்பது மாதம் ஒன்றும் வராதபோது, பத்தாம் மாதத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிடலாமா என்ற எண்ணம் வரும். பிறர் எழுதிய பத்தியைத் தனதாக்கிக்கொள்ளும் சோதனையும் வரும். இதற்காகவே பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஆராய்ச்சி நெறிமுறையை முனைவர் மாணவர் யாவருக்கும் கட்டாயப் பாடமாக்கியது. கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நாம் கடைக்காரருக்குப் பிரசங்கிக்கிறோம். தராசைக் கையில் பிடித்திருக்கும் வேதியியல் மாணவிக்கு அதை யார் பிரசங்கிப்பது?

ஞாயிறு ஆராதனையைப்பற்றியும் கேட்பீர்கள். உயிரணு வளர்ப்பவர்களுக்கு ஞாயிறு என்று ஒன்றில்லை. குறித்த நேரத்தில் ஆகாரம் மாற்றாவிட்டால் இரண்டு மாத உழைப்பு செத்துப்போகும். ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைக் குறித்து ஆண்டவர் சொன்னதை எடுத்துக்காட்டி (லூக்கா 14:5), வேலையை முடித்துவிட்டு மாலைக் கூட்டத்துக்கு வா என்கிறேன். இதற்காக என்னைத் தளர்ந்த போதகன் என்று சொன்னவர்களும் உண்டு.

விட்டுவிடவேண்டிய வேளையும் உண்டு

எல்லாரும் கடைசிமட்டும் நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வில் ஒன்றும் வராதிருப்பது வேறு, மனுஷனாக நடத்தப்படாதிருப்பது வேறு. வழிகாட்டி மாணவரை அவமானப்படுத்துகிறவராகவோ, தகாதபடி நடக்கிறவராகவோ இருந்தால் அதைச் சகிப்பது சிலுவை சுமப்பதல்ல. துறைத்தலைவரிடமும் குறைதீர் குழுவிடமும் எழுத்தில் சொல்லவேண்டும்; வழிகாட்டியை மாற்றிக்கொள்ள இடமுண்டு. சேருமுன்பே அந்தக் குழுவிலுள்ள மூத்த மாணவர்கள் இருவரையாவது தனியே கண்டு, எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், எத்தனைபேர் நடுவில் போனார்கள் என்று விசாரிப்பது, பெண் பார்க்கும்போது நாம் விசாரிப்பதைப்போல அவசியமானது.

பிள்ளை உறங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் போய்விட்டால் தாமதியாதீர்கள். ஜெபியுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடமும் அழைத்துப்போங்கள். உபவாசக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வருவதும் தோல்வியல்ல. விட்டுவிடுவது பாவமென்று நான் சொல்லவரவில்லை. விசாரியாமல் விட்டுவிடச் சொன்னேனே, அதைத்தான் அறிக்கையிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்துத் தகப்பனாரையும் மகளையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து, ஒரு தாளில் ஆண்டு ஆண்டாக எழுதிக் காட்டினேன்: எப்போது வகுப்பு, எப்போது முதுநிலைப் பட்டம், எந்த ஆண்டில் எவ்வளவு தொகை, எந்த ஆண்டில் அவள் அழக்கூடும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள். "படி என்றோ படிக்காதே என்றோ நான் சொல்லமாட்டேன், இனி நீங்கள் இருவரும் பேசுங்கள்" என்றேன். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தகப்பனார் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணுங்கள் பாஸ்டர் என்றார். ஜெபித்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் அவள் சேர்ந்தாள். இப்போது வகுப்புகள் நடக்கின்றன. முதல் பருவத்தில் நல்ல மதிப்பெண் என்று தகப்பனார் சபையில் சாட்சி சொன்னார். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவர் என்னிடத்தில் வந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் தாளை விரித்து, மூன்றாம் ஆண்டு என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்தார். "பாஸ்டர், இந்த வருஷம் நான் அவளுக்கு அடிக்கடி போன் பண்ணவேண்டுமா, பண்ணாமலிருக்கவேண்டுமா?" என்று கேட்டார்.